இரண்டாவது இடது தோள்

அக்கா, அக்கா, கண்ணைத் திறங்க.

ஒன்றும் இல்லை. தூங்குகிறீர்களா என்று பார்த்தேன், அவ்வளவுதான். கோபப்படாதீங்க. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது, வளைவில் பஸ் அப்படி ஒரு ஒடி ஒடித்தும் நீங்கள் அசையவில்லை. அதனால் கூப்பிட்டுவிட்டேன். மேட்டுப்பாளையம்தானே? நானும் அங்கேதான். இன்னும் அரவேணுவே வரவில்லை. நிறைய நேரம் இருக்கிறது.

கொஞ்சம் ஜன்னலைத் திறங்கக்கா. காற்றே இல்லை.

திறந்துதான் இருக்கிறதா? சரி.

என்னைப் பைத்தியம் என்று நினைக்காதீங்க. பின்சீட்டுக்காரர் அப்படித்தான் நினைக்கிறார். கோத்தகிரி ஸ்டாண்டில் அவர் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார், நான் தோளைத் தட்டினேன், "என்ன பாப்பா வேணும்?" என்று எரிந்து விழுந்தார். ஒன்றும் வேண்டாம் என்றேன். உண்மைதானே, அவரிடம் எனக்கு என்ன வேணும்? அதனால்தான் இங்கே மாறி உட்கார்ந்தேன். உங்களை எழுப்பிவிட்டதால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்கள் தூங்கலாம்.

என் பெயர் சௌடேஸ்வரி. குலதெய்வத்தின் பெயர். வீட்டில் சௌடி. சிறுமுகையில் வீடு, அம்மா நூல் மில்லில் கோன் சுற்றுகிறாள். நான் பன்னிரண்டாவது பாதியில் நின்றவள். ஏன் நின்றாய் என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்கப்போகிறீர்கள். அந்தப் பரீட்சை ஹாலில் காற்று கிடையாது. அவ்வளவுதான் காரணம். அரையாண்டுத் தேர்வு, வேதியியல் தாள், கேள்வியைப் படிக்கிறேன், மூச்சு உள்ளே போகவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். "மத்த புள்ளைங்கெல்லாம் அதே ஹால்லதான எழுதுச்சு?" என்றாள் அம்மா. அவர்களுக்கு எப்படியோ, எனக்கு என்ன தெரியும்? டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். அப்புறம் வகுப்பறையில் காற்று இல்லை. அப்புறம் பள்ளிக்கூட வாசலிலேயே இல்லை. காற்றில்லாத பள்ளிக்கூடத்துக்கு எதற்குப் போவது? நின்றுவிட்டேன்.

அம்மாதான் பயந்துபோனாள். பயம் எல்லாம் அவளுக்குத்தான். அப்போது மில்லில் பெண்களுக்கு மன அழுத்தம் குறைக்கிற வகுப்பு ஒன்று போட்டார்கள். கோத்தகிரிப் பக்கம் தெளிநீர் என்று ஒரு மையம், அங்கிருந்து சபாபதி சார் வந்திருந்தார். மைண்ட்ஃபுல்னஸ், மனசை ஒரே இடத்தில் வைக்கிற பயிற்சி. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எல்லோர் கையிலும் ஓர் உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, இதை முதல்முறை பார்ப்பதுபோலப் பாருங்கள், மோந்து பாருங்கள், நாக்கில் வையுங்கள், கடிக்காதீர்கள் என்றார். அவர் "பாருங்கள்" என்று சொல்வதற்குள் நான் விழுங்கியிருந்தேன். வாயில் போடத்தானே திராட்சை?

அன்றைக்கு ஒரு தாளை யாராவது சத்தமாக வாசிக்க வேண்டும் என்றார். கோன் சுற்றுகிற அக்காமார் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சட்டென்று முடியட்டும் என்று நான் எழுந்து வாசித்தேன். இரண்டு வரிகூட வாசித்திருக்கமாட்டேன். சபாபதி சார் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்துவிட்டது. டீ முழுக்க வேட்டியில். அதைத் துடைக்கவும் இல்லை, "மேல படிம்மா, மேல படி" என்கிறார். என் குரல் அவ்வளவு நல்ல குரல் அக்கா. பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரமே வீட்டுக்கு ஆள் அனுப்பினார். ஆசிரியர் பயிற்சி, மையத்திலேயே தங்கல், சாப்பாடு அவர்களுடையது, கடைசியில் தேர்வு, தேறினால் சான்றிதழ், சான்றிதழ் வாங்கினால் மில், பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று போய் வகுப்பு எடுக்கலாம். "பன்னண்டாவது முடிக்காதவ டீச்சரா?" என்று அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. எனக்கும் இல்லைதான். ஆனால் அது இல்லாவிட்டால் அம்மா பக்கத்தில் நின்று நானும் கோன் சுற்ற வேண்டும். அந்த மில்லுக்குள்ளே சுத்தமாகக் காற்று கிடையாது. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆகவே போனேன்.

தெளிநீரில் முக்கியமான பயிற்சிக்குப் பெயர் உடல்வலம். கோயிலைச் சுற்றுவதுபோல உடம்பைச் சுற்றுவது. எல்லோரும் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். நடத்துகிறவர் ஒவ்வோர் இடமாகச் சொல்வார். இடது கால் பெருவிரல். பாதம். முழங்கால். அப்புறம் வலது கால். இடுப்பு, வயிறு, முதுகு. இடது கை விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, இடது தோள். அதேமாதிரி வலது கை. அப்புறம் நெஞ்சு. அப்புறம் கழுத்து, முகம், உச்சந்தலை. சொல்கிற இடத்தில் மனசை வைக்க வேண்டும். அங்கே வலியோ அரிப்போ இருந்தால் விரட்டக்கூடாது, அதற்காக ஒன்றும் செய்யவும் கூடாது. வந்ததா, வா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் வித்தையே.

இதை யாரும் நேரடியாகக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். ஒரு பதிவு இருக்கிறது. சாருடைய மனைவி மீனலோசனி பேசியது. லோசனி மேடம் என்பார்கள். அந்தப் பதிவைத் தினமும் காலையில் ஹாலில் போடுவார்கள். நாங்கள் கேட்டுக் கேட்டு அதேபோலச் சொல்லப் பழக வேண்டும். எங்கே இழுக்கிறார்களோ அங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விடுகிறார்களோ அங்கே விட வேண்டும். மேடம் உயிரோடு இல்லை. பதிவு முடித்த அன்று சாயங்காலமே போய்விட்டார்களாம். மையத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். காலையில் உடல்வலத்தைப் பேசி முடித்தார், சாப்பாடு வேண்டாம் என்று போய்ப் படுத்தார், சாயங்காலம் சிரித்த முகமாகப் போய்விட்டார், எப்பேர்ப்பட்ட பக்குவம், எப்பேர்ப்பட்ட சாவு. கேட்கிறவர்கள் கைகூப்புவார்கள். நானும் கூப்பினேன், எல்லோரும் கூப்பும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்?

அந்தப் பதிவில் ஒரு விசேஷம் உண்டு. நெஞ்சு என்று சொல்வார்கள். அப்புறம் பேச்சே இருக்காது. ஒரு டம்ளர் டீயை ஆற்றிக் குடித்து முடிக்கலாம், அவ்வளவு நேரம். பிறகு மெதுவாக, "இடது தோள்" என்பார்கள். ஏற்கெனவே சொன்ன இடது தோள்தான், மறுபடியும். அதற்கப்புறம்தான் கழுத்து. தெளிநீரில் படித்தவர்கள் எங்கே போய் வகுப்பு எடுத்தாலும் இடது தோளை இரண்டு தடவை சொல்வார்கள். அதை வைத்தே இன்னார் தெளிநீர் ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. என்னோடு பயிற்சிக்கு வந்தவர் ஹேமச்சந்திரன் என்று ஒருவர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர், தாடி. "சௌடேஸ்வரி, இடது என்பது சக்தி. நெஞ்சில் அடங்கிய சக்தி மறுபடி இடப்பக்கம் எழுகிறது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணா, அப்ப வலது தோளு பாவம் பண்ணுச்சா?" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்னோடு பேசும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

சாரிடமே கேட்டேன். "அங்க அவ நின்னா. நாமளும் நிக்கறோம்" என்றார். பெரியவர்கள் பதில் தெரியாவிட்டால் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்சம் ஜன்னலை... ஓ, திறந்திருக்கிறது. மறந்துவிட்டேன்.

நான் வேகமாகக் கற்றுக்கொண்டேன் அக்கா. ஹேமு அண்ணன் இன்னும் வயிற்றில் தடுமாறிக்கொண்டிருந்தபோது நான் உச்சந்தலை வரைக்கும் போய்விட்டேன். பதிவில் மேடம் எச்சில் விழுங்குகிற இடத்தில் எனக்கும் எச்சில் ஊறும். சார் நான் சொல்லும்போது மட்டும் கடைசிப் பாயில் வந்து உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். மற்றவர்கள் சொல்லும்போது குறிப்பு எழுதுவார், எனக்கு மட்டும் எழுதமாட்டார். நான் தப்பே செய்வதில்லை, எழுத என்ன இருக்கிறது? ஒரே ஒரு திருத்தம்தான் சொல்வார். நெஞ்சுக்கு அப்புறம் நான் அவசரப்படுகிறேன் என்று. "இன்னும் கொஞ்சம் நில்லு. இன்னும் கொஞ்சம்." எனக்கோ சும்மா நிற்பதென்றால் கால் நமைச்சல் எடுக்கும். ஆனாலும் நின்று பழகினேன்.

குளிருகிறது என்று ஒருநாள் சொன்னேன். உடனே போய் ஒரு சாம்பல் நிறச் சால்வையை எடுத்துவந்து கொடுத்தார். நல்ல கம்பளி, யாரோ போர்த்திப் பழகியது. நல்ல மனசு அவருக்கு.

சமையல்காரி மாதி அக்காவுக்குத்தான் என்னைக் கண்டால் ஆகாது. ஹேமு அண்ணனுக்கு நெய் ஊற்றுவாள், என் முகத்தையே பார்க்கமாட்டாள். ஒருதடவை அவள் பின்னால் போய் நின்று, "இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கா?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். ரசம் கேட்டதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்குக் கோபம்.

அம்மாவிடம் ஃபோனில் பேசினால் அவளும் அப்படித்தான். "யாருங்க?" என்பாள். நான்தான் என்று சொல்ல வேண்டும். அப்புறம், "சளி புடிச்சிருக்குதா சாமி? கொரலு வேற யாரோ மாதிரி இருக்குது" என்பாள். மலையில் சிக்னல் சரியில்லை.

தேர்வு நாள் வந்தது. முந்தாநாள் காலையில். தேர்வு என்றால் எழுதுவது இல்லை. வெளியாட்களைக் கூட்டிவருவார்கள், அவர்களுக்கு முழு உடல்வலத்தையும் நாம் நடத்திக் காட்ட வேண்டும். தொடங்கிவிட்டால் முடிகிறவரைக்கும் பாடத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசக்கூடாது. யார் இருமினாலும் அழுதாலும் எழுந்து போனாலும், நடத்துகிறவர் குரல் உடையக்கூடாது. உடைந்தால் ஃபெயில். போன வருஷம் ஓர் அக்கா, குறட்டை விட்ட ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்களாம், அதற்கே சான்றிதழ் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்தவர்கள் பஸ் டிரைவர்கள். மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள். எல்லோரும் காக்கிச் சட்டையோடு வந்து, பாயைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. "தூங்கறதுக்குப் பயிற்சியா? அது நாங்க ஸ்டியரிங் புடிச்சிட்டே தூங்குவோமுங்க பாப்பா" என்றார் ஒருவர். அவர் பெயர் மாரப்பன். பெரிய உருவம், இரண்டாவது வரிசை, ஓரப் பாய். படுக்கும்போதே முகம் வேர்த்திருந்தது. படி ஏறி வந்ததில் வேர்க்கும் என்று நினைத்தேன்.

தொடங்கினேன். எப்போதும் சொல்வதையே சொன்னேன். உடம்பில் எது வந்தாலும் விரட்டாதீர்கள், அசையாதீர்கள், வரட்டும், கவனியுங்கள். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. கால், இடுப்பு, முதுகு. குரல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கே கேட்க நன்றாக இருந்தது. இடது கை, இடது தோள். வலது கை, வலது தோள். நெஞ்சு.

நின்றேன்.

ஹால் முழுக்க கண்மூடிய முகங்கள். கடைசிப் பாயில் சார், அவரும் கண்ணை மூடி, உதடு மட்டும் லேசாக அசைந்தது. அடுத்து வரப்போவதை எனக்கு முன்னால் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாரப்பன் அண்ணன் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய வலது கை இடது தோளைப் பிடித்திருந்தது. சட்டை கசங்குகிற அளவுக்குப் பிடித்திருந்தார். முகம் சாம்பல் மாதிரி. அசையவில்லை. அசையாதீர்கள் என்று நான்தானே சொன்னேன்? என்னையே பார்க்கிறார். அப்போதுதான் அக்கா, அந்தப் பதிவு எனக்குக் கேட்டது. தினமும் காதால் கேட்டுக்கொண்டிருந்தது, அன்றைக்குத்தான் கேட்டது. நெஞ்சு. அப்புறம் பேச முடியவில்லை. அப்புறம் இடது தோள். இது பாடம் இல்லை. அவர்களுக்கு அங்கே இருந்தது, அதைச் சொல்லியிருக்கிறார்கள். வந்த இடத்தைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

"ஏனுங்ணா, வலிக்குதுங்களா?" என்றேன்.

சான்றிதழ் அந்த இடத்திலேயே போயிற்று. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அவர் மெல்லிய குரலில், நல்ல பையன் டீச்சருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்: "இருக்குதுங்க பாப்பா. நீ சொன்ன மாதிரி கவனிச்சுட்டுத்தான் இருக்கறேன்."

"சௌடேஸ்வரி," என்றார் சார் கண்ணைத் திறக்காமல். "மௌனம்."

"என்னங்க சார் மௌனம்? எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! வண்டிய எடுங்க!"

கத்தினேன் அக்கா. அந்த ஹாலில் யாரும் அப்படிக் கத்தியிருக்கமாட்டார்கள். டிரைவர்கள்தான் துள்ளி எழுந்தார்கள். அந்த நேரத்தில் தியானம் பழகாதவர்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று. மையத்து ஜீப்பில் மாரப்பன் அண்ணனைத் தூக்கிப் போட்டு, அவருடைய கூட்டாளி ஒருவரே ஓட்டினார். நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் கண் சொருகச் சொருக, கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், இரத்தக்குழாயில் அடைப்பு. எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் அங்கிருந்த டாக்டர்.

அதே ஜீப்பில் திரும்பி வந்தேன். ஓட்டிவந்த டிரைவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மணி நான்கு இருக்கும். ஹாலில் பாய்கள் போட்டது போட்டபடி. சார் அதே கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை போலிருக்கிறது, பக்கத்தில் மாதி அக்கா வைத்த தட்டு அப்படியே இருந்தது. மாரப்பன் பிழைத்துக்கொண்டார் என்றேன். தலையை ஆட்டினார்.

"நீ முடிக்கலை," என்றார்.

"என்னதுங்க சார்?"

"உடல்வலம். நெஞ்சோட நிக்குது."

"சார், அந்த ஆளு செத்திருப்பாருங்க."

"தெரியும்." தட்டைத் தள்ளி வைத்தார். "அவ முடிச்சா. முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சா" என்றார்.

மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது எனக்கு. "மேடத்துக்கு வலிச்சுதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். பிய்த்துக்கொண்டே பேசினார்.

"பதிவு பண்ணினது நான்தான். இதே ஹால். அவ அங்க, நான் இங்க. நெஞ்சுன்னா. அப்புறம் குரலைக் காணோம். ஆழமாப் போயிட்டான்னு நினைச்சேன். எவ்வளவு அழகா நிக்கறான்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்துது எனக்கு." இன்னொரு கோரையைப் பிய்த்தார். "நான் கண்ணை மூடிட்டு இருந்தேன் சௌடேஸ்வரி. மாரப்பன் உன்னைப் பாத்தாரே, அந்த மாதிரி அவ என்னைப் பாத்திருப்பாளா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள் அக்கா? இல்லை சார், பார்த்திருக்கமாட்டார்கள் என்றா? எனக்குப் பொய் வராது.

"பாத்திருப்பாங்க சார்," என்றேன்.

அவர் அழவில்லை. இத்தனை நாள் யாராவது அதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்ததுபோலத் தலையை ஆட்டினார். அப்புறம் சொன்னார்: "முடிச்சுடு. ஒரே தடவை. நெஞ்சுல இருந்து. முடிச்சா நான் சான்றிதழ்ல கையெழுத்துப் போடறேன்." சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு அந்தச் சான்றிதழ் வேணும் அக்கா. இல்லை என்று சொன்னால் பொய். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. மாரப்பன் அண்ணனைப் பார்த்துக் கத்தியதில் போனது, இதோ கை எட்டுகிற தூரத்தில் திரும்ப வந்து நிற்கிறது. இடது தோள், கழுத்து, முகம், உச்சந்தலை. நாலே இடம்.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேடையில் போய் உட்கார்ந்தேன். "நெஞ்சு," என்றேன்.

நின்றேன். அவர் உதடு அசைய ஆரம்பித்தது.

வெளியே மாதி அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. சார் அசையாமல் கிடந்தார். கைகள் இரண்டும் பக்கவாட்டில், உள்ளங்கை மேலே பார்த்தபடி. அந்த ஹால் முழுக்க யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. இடது தோள் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்.

"கண்ணைத் திறங்க," என்றேன்.

திறக்கவில்லை.

"கண்ணைத் திறங்க. என்னைப் பாருங்க."

திறந்தார். என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தாரா என்று தெரியாது. நான் கையைத் தூக்கி என் இடது தோளைப் பிடித்துக்கொண்டேன். எதற்கு அப்படிச் செய்தேன்? தெரியாது. "வலிக்குதுங்க," என்றேன்.

எனக்கு வலிக்கவில்லை அக்கா. சத்தியமாக வலிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

சார் எழுந்தார். அந்த வயசுக்கு அப்படி ஒருவர் எழுந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையைத் தடவினார், வேட்டி மடிப்பைத் தடவினார். "சாவி எங்க? ஜீப்பு சாவி எங்க?" பாய்களைத் தூக்கித் தூக்கிப் போட்டார். "மாதி, சாவி எங்க? ஒரு நிமிஷம் லோசனி. வந்துட்டேன், ஒரே நிமிஷம், கண்ண மூடிராத." அலமாரியைத் திறந்தார், தியான மணியை எடுத்துக் கீழே வைத்தார், திராட்சை டப்பாவைக் கவிழ்த்தார். திராட்சையெல்லாம் தரையில் உருண்டது. சாவி என் கையில் இருந்தது. என்னால் நீட்ட முடியவில்லை. மாதி அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். "ஐயா, போதுமுங்க ஐயா. போதுமுங்க." அவர் அவள் பிடியிலேயே நின்று, இன்னும் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சான்றிதழ் இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. நேற்று முழுக்க அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஹேமு அண்ணன் வாசலில் உட்கார்ந்து காவல் இருந்தார், கண்ணைத் திறந்துகொண்டு. காலையில் எப்போதும் போடுகிற பதிவை நேற்றும் போடவில்லை, இன்றும் போடவில்லை. அந்த நேரம் வந்ததும் ஹாலில் ஒரே அமைதி, ஆனாலும் நான் பல் விளக்கிக்கொண்டே நெஞ்சு வரைக்கும் போய்விட்டேன். தானாக ஓடுகிறது.

இன்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மாதி அக்கா கேட் பக்கத்தில் நின்றாள். முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். என் தோளிலிருந்து சால்வையை உருவி மடித்து வைத்துக்கொண்டாள். "ஊருக்குப் போ பாப்பா," என்றாள். "உன்ற கொரல்ல பேசு."

"என்ற கொரல்லதானக்கா பேசறேன்?" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. எதற்கு அழுதாள் என்று இன்னும் புரியவில்லை. அவளுக்கு என்னைப் பிடிக்காது என்றுதானே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே மேட்டுப்பாளையம் ஸ்டாண்டில் அம்மா நிற்பாள். பூவும் வாங்கிவைத்திருப்பாள். பாஸா என்பாள். ஃபெயில் என்று சொல்லிவிடப் போகிறேன், சுற்றி வளைக்கமாட்டேன். மில்லுக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அதைத்தான் எப்படிச் சொல்வது என்று உதட்டுக்குள்ளே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். "அம்மா, நான் வர்றேன்" என்று ஆரம்பித்தால், நடுவில் எங்கேயோ நிற்கிறது. நானாக நிறுத்தவில்லை. நிற்கிறது.

தோளையா? இல்லையே. நான் எங்கே பிடித்துக்கொண்டிருந்தேன்? பைப் பட்டை அழுத்துகிறது, அதற்காகத் தேய்த்தேன். வேறு ஒன்றும் இல்லை. டாக்டரே சொல்லியிருக்கிறார், என் உடம்பில் ஒன்றும் இல்லை என்று.

சரி, அவ்வளவுதான் கதை. எழுப்பியதற்கு மன்னித்துக்கொள்ளுங்க. இனி நீங்கள் தூங்கலாம். குஞ்சப்பனை வந்துவிட்டது, அடுத்தது முழுக்க வளைவுதான், கண்ணை மூடிக்கொண்டால் தலை சுற்றாது. மூடிக்கோங்க. நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா.

அக்கா?

ஒன்றும் இல்லை. சும்மாதான் கூப்பிட்டேன்.